எவாக்குவேட்டுக்கு அர்த்தம் கேட்கப் போனேன்

நாமக்கல்லில் லாரியில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. மீனிங்காரரிடம் ஓர் ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் வீடு திரும்பியவர்கள் கிடையாது.

லாரி புக்கிங் ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது; மீனிங்காரர் என்றால்தான் தெரியும். அர்த்தத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் பாவம் என்பது அவர் கொள்கை. 'மாப்பிள்ளை ரொம்ப அட்ஜஸ்டபிள்' என்று தரகர் சொன்னதற்கு ஒரு வீட்டார் விளக்கம் கேட்டார்கள். மீனிங்காரர் நேரே மாப்பிள்ளை வீட்டுக்கே போய், "எந்தப் பக்கம் திருப்புனா அட்ஜஸ்ட் ஆவாருங்க?" என்று விசாரித்தார். அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

போன மாதம் என் முறை வந்தது. என் மகன் ஆப்பிரிக்காவில் போர்வெல் ரிக் ஓட்டுகிறான். அங்கே வெள்ளம். 'சைட்டை எவாக்குவேட் செய்கிறோம், பயப்பட வேண்டாம்' என்று கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது. பயப்பட வேண்டாம் என்று படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. மகன் போனை எடுக்கவில்லை. கணவர் பரமத்தி வேலூர் போயிருந்தார். மீனிங்காரர் வீட்டுக்கு ஓடினேன். அப்போதுதான் சூடான டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, எவாக்குவேட்டுனா காலி பண்றதுதானுங்களே? அப்ப பையன் தப்பிச்சுட்டானுங்களா?"

"ஒக்காருங்க அம்மிணி."

"ஒக்கார நேரமில்லீங்கண்ணா!"

"நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போக இதென்ன பால் பாக்கெட்டுங்களா? ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"முட்டை லோடு போவுது. இஞ்சின்ல பொகை. டிரைவர் மட்டும் குதிச்சு ஓடுனா அது எஸ்கேப்பு. கிளீனரை எழுப்பி, பின்னால தூங்குற ஆளை எறக்கி, பக்கத்துக் கடைக்காரனையும் கெளப்பி உட்டா, அது எவாக்குவேட்டு."

"முட்டைங்க?" பதற்றத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"முட்டை கெடக்கட்டும். ஆளை எவாக்குவேட் பண்ணலாம், எடத்தை எவாக்குவேட் பண்ணலாம். முட்டையைப் பண்ண முடியாதுங்க. இப்ப நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க."

"எனக்கு உசுரே போவுதுங்கண்ணா!"

"அதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க."

அழுதுகொண்டே சொன்னேன். திருத்தினார். மறுபடி சொன்னேன். ஐந்தாவது வாக்கியத்தில், திட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தபோது என் போன் அடித்தது.

"அம்மா, பஸ்ஸுல ஏத்தி மேட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க. எல்லாரும் நல்லாருக்கோம். சோறு கூடப் போட்டுட்டாங்க."

மீனிங்காரர் போனை வாங்கினார். "சாமி, யாரையும் உட்டுட்டு வரலையே? அப்பச் சரி. வார்த்தையைச் சரியாத்தான் போட்டிருக்கான் உங்க கம்பெனிக்காரன்."

மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது. "பொறுப்பா எல்லாரையும் வெளிய கொண்டாராங்கன்னு ஒரே வரியில சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா நீங்க ஊட்டுக்குப் போயி ஒண்டியா ஒக்காந்திருப்பீங்க, அம்மிணி."

கிளம்பும்போதுதான் கவனித்தேன். அவருடைய டீ, மேலே ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஒரு வாய்கூட அவர் குடித்திருக்கவில்லை.