குர்ராவாங் கொட்டகையின் காற்று கம்ப்ரசர்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த களைப்பில் மனித குலம் சில ஆயிரம் வருடங்கள் சும்மா கிடந்தது. அந்தச் சோம்பலைப் போக்கும் பொறுப்பு, டிசம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, குர்ராவாங் ஊர் ‘ஆண்கள் கொட்டகை’யின் உறுப்பினர் ரெக்ஸ் பார்டிலின் தோளில் வந்து விழுந்தது. அவருடைய தோட்டத்துத் தள்ளுவண்டியின் டயரில் காற்று இறங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற ஆண்கள் ரம்பம், சுத்தியல், தேநீர் சகிதம் பகல் முழுவதும் சமூகத் தொண்டாற்றும் புனிதத் தலம் அந்தக் கொட்டகை. அதைத் திறக்கக் கோரும் மனுவில் முதலில் கையெழுத்திட்டவர்கள் அவர்களுடைய மனைவிமார்.

தலைவர் டூகல்ட், முன்னாள் நகராட்சி எழுத்தர். உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

“காத்தடிக்கிற கம்ப்ரசரைக் கடையில வாங்குறவனெல்லாம் ஒரு ஆம்பளையா? நாமளே செய்வோம். புதுசா ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது. எல்லாமே ‘மீட்கப்பட்ட’ பாகமா இருக்கணும்.”

“மீட்கப்பட்டதுன்னா என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டார் ரெக்ஸ்.

டூகல்ட் கூரையைப் பார்த்து யோசித்தார். “சொந்தக்காரங்க பக்கத்துல இல்லாதப்ப எடுத்த பொருள்.”

விளக்கம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. மீட்புப் பணி ரெக்ஸின் வீட்டிலேயே தொடங்கியது.

“ரெக்ஸ், ஃப்ரிட்ஜு ஏன் சத்தமே போடல?” என்றார் அவர் மனைவி நெரிடா.

“நல்ல ஃப்ரிட்ஜு சத்தம் போடாது.”

“நேத்து போட்டுச்சே! உள்ள வச்ச இறாலு வேற ஒரு மாதிரி மணக்குது.”

“அது கடல் வாசம்.”

ஃப்ரிட்ஜின் மோட்டார் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயும் கூடவே வந்தது. காற்றை அடைத்து வைக்க உருளை வேண்டும். டூகல்ட் சுவரில் தொங்கிய தீயணைப்பானைக் காட்டினார்.

“ஆறு வருஷமா இங்க ஒரு தீ பிடிச்சிருக்கா? வேலைவெட்டி இல்லாமத்தானே தொங்குது?”

அதைக் காலி செய்து கழுவினார்கள். பாதுகாப்பு வால்வாக நெரிடாவின் பிரஷர் குக்கர் வெயிட் ‘மீட்கப்பட்டது’.

இதற்கிடையில் நெரிடா சைக்கிள் பம்பால் நான்கே நிமிடத்தில் டயருக்குக் காற்றடித்து, வண்டியில் உரத்தை ஏற்றிச் சென்று தோட்டத்துக்குப் போட்டும் முடித்துவிட்டார். இதைத் ‘திட்டத்தில் அந்நியத் தலையீடு’ என்று குழு கண்டித்தது. பணி தொடர்ந்தது.

சனிக்கிழமை திறப்பு விழா. ரொட்டியில் சுருட்டிய சாசேஜும் வெங்காயமுமாகப் பதினோரு உறுப்பினர்களும் சூழ்ந்து நின்றார்கள். மோட்டார் முனகியது. அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. பாதி ஏறுவதற்குள் குக்கர் வெயிட் விசிலடித்தது. இரண்டு பேர் பழக்க தோஷத்தில் தட்டைத் தேடினார்கள்.

“இந்த வால்வுதான் காரியத்தைக் கெடுக்குது. கட்டிப் போடு அதை,” என்றார் டூகல்ட்.

ரெக்ஸ் ஒரு கம்பியை எடுத்து வந்தார். “வெடிக்காம இருக்கத்தானேப்பா அது இருக்கு?”

“இதுவரைக்கும் வெடிச்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு அது?”

ரெக்ஸ் கம்பியால் வெயிட்டை இறுகக் கட்டினார். முள் எகிறியது. குழாய் பிய்த்துக்கொண்டு எழுந்து ஆடி, டூகல்டின் தொப்பியைத் தட்டிச் சென்றது. கொதித்துப்போன மோட்டார் எண்ணெயைத் துப்பித் தீப்பற்றியது.

“தீயணைப்பானை எடு!” என்று அலறினார் டூகல்ட்.

“அதுதான்ப்பா எரியுது!”

உருளையிலிருந்த காற்று முழுவதும் தீக்கே உதவியது. குக்கர் வெயிட்டைத் தேடிக்கொண்டு வந்த நெரிடா பிளக்கைப் பிடுங்கி, வாசலில் இருந்த வாளி மணலைத் தூக்கிக் கொட்டினார். தீ அடங்கியது. பாதிக் கருகிய மேசையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் புருவம் எங்க ரெக்ஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம். கொட்டகையை விட்டு நீக்கினால் மிச்ச வாழ்நாளின் பகலையெல்லாம் எங்கே கழிப்பது என்று ரெக்ஸ் கலங்கினார். ஆனாலும், ‘கம்பியைக் கட்டியது நான். தப்பு என்னுடையது’ என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

டூகல்ட் கண்ணாடியை மாட்டி அறிக்கையை வாசித்தார்:

“விபத்துக்கு முழுப் பொறுப்பு காற்றையே சாரும். உறுப்பினர்கள் எவ்வளவோ இடமளித்தும் அது உள்ளே இருக்க மறுத்துவிட்டது. அனுமதியின்றி மணல் கொட்டிய திருமதி பார்டில் எச்சரிக்கப்படுகிறார். அஞ்சாமல் வால்வைக் கட்டிய ரெக்ஸ் பார்டில், பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்படுகிறார்.”

கைதட்டல் எழுந்தது. ரெக்ஸ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். புருவமில்லாத முகங்கள் அவரைப் பாசத்தோடு நோக்கின. தாளைச் சத்தமில்லாமல் நான்காக மடித்தார், எட்டாகவும் மடித்தார். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கினார்.

தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. வருகைப் பதிவேட்டில் பதினோரு கையெழுத்துகள் இருக்கின்றன. வெட்கம் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அதற்கு யாரும் அழைப்பு அனுப்பியதாகவும் பதிவில்லை.