கண்ணுக்குப் போனேன், கல்லீரல் மாட்டிக்கொண்டது

செம்மண்டலம், கடலூர்
திங்கட்கிழமை

பேரன்புக்குரிய மச்சான் லூர்து பிரகாஷ் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் இருதயசாமி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கு அனைவரும் சுகம். என் கல்லீரல் மட்டும் விசாரணையில் இருக்கிறது. சிதம்பரத்தில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலந்தானே?

என் கண்புரை உங்களுக்குத் தெரியும். போன மாதம் பங்குச்சாமியார் என்று நினைத்துப் பால்காரர் சிங்காரத்துக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், அவரும் கூச்சப்படாமல் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார். இனித் தாங்காது என்று ஆபரேஷனுக்குப் போனால், கண்ணைக் காட்டியவனுக்குக் கையில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுப்பதுதானாம். மறுநாள் ஹெபடைடிஸ் பி இருக்கிறது, கல்லீரலைத் தாக்கும் கிருமி என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், உங்கள் அக்காள் ஜோதி மேரி அதற்கு மஞ்சள் காமாலை என்று பெயர் வைத்துவிட்டாள். அப்புறம் என்ன, விடிந்தால் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், தனித் தட்டு, தனித் தம்ளர். ஜெபமாலைக்குக்கூட வாசப்படி ஓரமாய்த்தான் எனக்கு இடம். பக்கத்து வீட்டுப் பொன்னி தினமும் வந்து என் இமையை இழுத்துப் பார்த்து, மஞ்சள் ஜாஸ்தி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகும். எனக்கோ ஒரே பயம்: ஆபரேஷனே கிடையாது என்று சொல்லிவிட்டால் மிச்ச ஆயுசுக்கும் குருடன்தானே!

கண் டாக்டர் சந்திரலேகா அம்மாவிடம் அழாத குறையாகக் கேட்டேன்.

"ஐயா, இதுக்காகல்லாம் ஆபரேஷன நிறுத்த மாட்டோம். முன்னாடியே தெரிஞ்சா நாங்க ஜாக்கிரதையா இருப்போம், அவ்ளோதான். அந்தப் பச்சிலைய நிறுத்திட்டு கல்லீரல் டாக்டரப் போய்ப் பாருங்க. கூட உக்காந்து சாப்ட்டா ஒட்டாது, ரத்தத்துல கலந்தாதான்" என்றார்.

ஆபரேஷனுக்கு என்னைக் கடைசி ஆளாகப் போட்டார்கள், இந்தக் கிருமி இருந்தால் அப்படித்தானாம். திருவிழா விருந்தில் முதல் பந்தியைத் தவிர வேறு அறியாதவன் நான், எல்லாரும் கட்டுப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆனால் மச்சான், மறுநாள் கட்டைப் பிரித்தார்கள் பாருங்கள்! ஜோதி மேரி நீலப் புடவையில் நிற்கிறாள். நீலம் இத்தனை நீலம் என்று மறந்தே போயிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் மஞ்சளாத் தெரியறனா?" எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, நர்ஸ் அழக்கூடாது என்று அதட்டினாள்.

நோய் தீர்ந்த பிறகுதான் வருவேன் என்று நீங்கள் போனில் சொன்னீர்களாம். படித்தவர் பயப்படலாமா? உங்களுக்கு இதில் ஒரு ஆபத்தும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பி வாருங்கள், வஞ்சிரக் குழம்பு, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்கள் எல்லாரையும் நோய் நொடி அண்டாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
ஒரு கண் தெளிந்த
இருதயசாமி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன் டாக்டர் அம்மா போன் செய்தார். ஜோதி மேரியின் ரத்தத்தையும் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை, தடுப்பூசி போட்டாயிற்று. என் ரேசரை வேறு யாராவது தொட்டதுண்டா என்று கேட்டார். தேர்த்திருவிழாவுக்கு வந்து தங்கியபோது, மச்சான் சாமான் நம்ம சாமான்தானே என்று தினமும் அதிலேயே சவரம் செய்து கன்னத்தை வெட்டிக்கொண்டது நீங்கள்தான். குழம்பு அப்புறம் ஆகட்டும், முதலில் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். கிருமியை யார் யாருக்குக் கொடுத்தது என்பதை நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்வோம், உங்கள் அக்காளுக்குத் தெரியவேண்டாம்.