மேசைக்கடியில் ஒரு ரிமோட்

நல்லேப்பிள்ளி தாண்டி முதலமடைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பஸ் வந்தது, கை காட்டவில்லை. தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்து, "தங்கச்சி பரீட்சை என்னாச்சுங்க?" என்று கேட்டுவிட்டால்? வழியில் ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கம்பம்மெட்டில் ஏலக்காய் காயவைக்கிற வேலை முடிந்து, அடுத்தது கிடைக்கிற வரைக்கும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கை வினிதா கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். போனைத் தொட்டால் தூரத்துத் திரையில் ஸ்லைடு மாறுகிற ஆப் ஒன்றை அவளே செய்திருந்தாள். அதில் தேறினால்தான் டிகிரி. வீட்டில் தொட்டபோதெல்லாம் மாறியது. கல்லூரியில், பரீட்சைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, மாற மறுத்துவிட்டது. கல்லூரி வைஃபை போனையும் லேப்டாப்பையும் ஒன்றோடொன்று பேசவே விடவில்லையாம்.

"சார்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேங்ண்ணா" என்றாள்.

பை தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பயப்படாத கண்ணு. லேப்டாப்புல தனிக் கீபோர்டு ஒண்ணை மாட்டி எடுத்துட்டு நான் மேசைக்கடியில உக்காந்துக்கறேன். நீ போனைத் தொட்டதும் காலால எம்முட்டில ஒரு தட்டுத் தட்டு. நான் அமுக்கறேன்."

"வேண்டாங்ண்ணா."

"உங்கண்ணன் எத்தனை ஊர் பாத்தவன்!" (பார்த்த ஊர் எதிலும் மேசைக்கடியில் உட்கார்ந்ததில்லை.)

மேசை விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. உள்ளே நான், கீபோர்டு, கொசு. வினிதா பேசினாள், தட்டினாள், நான் அமுக்கினேன். ஐந்து ஸ்லைடு வரைக்கும் அருமையாகப் போனது. நாட்டில் எனக்கேற்ற வேலை இதுதான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அப்போது, மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வந்திருந்த மலையாளி சார் எழுந்தார். "போனை இங்க தா மோளே. வராந்தாவில நின்னாலும் வேலை செய்யுமான்னு நோக்கட்டே."

வினிதாவின் கால் பயத்தில் நடுங்க ஆரம்பித்தது. அந்தக் கால் என் முட்டியில் இருந்தது. தட்டு, தட்டு, தட்டு. நான் சொன்ன சொல் தவறாதவன். ஒவ்வொரு தட்டுக்கும் அமுக்கினேன். மிச்ச ஸ்லைடெல்லாம் பிரேக் பிடிக்காத லாரிபோல ஓடி, "நன்றி, வணக்கம்" என்பதில் போய் நின்றன.

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "மோளே, நான் இன்னும் அழுத்தவே இல்லையே! போன் என் பாக்கெட்டிலல்லே இருக்கு!"

இரண்டு ஷூக்கள் வந்து என் எதிரே நின்றன. விரிப்பு உயர்ந்தது.

"நீ யாரு?"

"அண்ணனுங்க."

"எந்த செமஸ்டர்?"

"ஒம்பதாங்கிளாஸுங்க."

(எங்கள் வீட்டில் டிவி தானாகச் சேனல் மாறினால், இன்றும் முதலில் கட்டிலுக்கு அடியில் குனிந்துதான் பார்க்கிறார்கள்.)

வினிதா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சார் திட்டவில்லை. "காலேஜ் வைஃபை எதுக்கு? இன்னொரு போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா தீர்ந்தல்லோ. வேற போன் உண்டோ?"

இருந்தது. அவ்வளவு நேரமும் என் சட்டைப் பையில், என்னோடு சேர்ந்து மேசைக்கடியில் ஒளிந்திருந்தது. எடுத்து நீட்டினேன்.

"அண்ணன் வெளிய போகட்டே" என்றார் சார்.

போனேன். வராந்தா, கேட், ரோடு என்று போய்க்கொண்டே இருந்தேன். நல்லேப்பிள்ளி தாண்டிய பிறகுதான், போன் அங்கேயே இருப்பதும் முடிவு தெரிய வழி இல்லை என்பதும் உறைத்தது. திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை. என்னால் அவளுடைய மூன்று வருஷப் படிப்பு போயிருந்தால் எந்த முகத்தோடு போவது?

மறுநாள் காலை முதலமடையில் ராவுத்தர் ஒருவரின் மாங்காய் மண்டியில் சேர்ந்தேன். அவர் "அடுத்தது" என்றதும் மாங்காய் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கித் தராசில் வைக்க வேண்டும். அனுபவமுள்ள வேலைதான்.

வெயில் ஏறும்போது பஸ்ஸிலிருந்து வினிதா இறங்கினாள், கையில் என் போனோடு. மாங்காய் சீசனில் நான் வேறெங்கே போவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா! சாரு மூணு தடவை வெளிய போய் அமுக்கிப் பாத்தாருங்ண்ணா! மூணு தடவையும் மாறுச்சு! பாஸ்!"

சந்தோஷத்தில் கைக்கு வந்த கிரேட்டைத் தூக்கித் தராசில் இருந்த கிரேட்டின் மேலேயே வைத்துவிட்டேன்.

ராவுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

வினிதா சிரித்த சிரிப்பில், எடை போட வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.