டர்போவுக்குள் அழுத பேய்

பேயோட்ட மனிதர்கள் வரிசையில் நிற்பது புதிதல்ல. கார்கள் நின்றதுதான் புதிது. பேயோட்டி ஆவியார் வாசலில் பதின்மூன்று டர்போ வண்டிகள்! ஆட்களைப் பிடித்து அலுத்துப்போன பேய்கள் இப்போது வண்டிக்கு மாறிவிட்டனவாம். பாவம், நடந்து நடந்து கால் வலித்திருக்கும்.

முதல் ஆள் டாக்சிக்காரர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பானெட்டுக்குள் "சுக்சுக்சுக்" என்று ஒரு விசும்பல். மேடு வந்தால் வண்டிக்கு மூச்சு வாங்கும். வீட்டுக்குச் சோறு போடும் ஒரே வண்டி அது.

"பழைய ஓனரோட ஆத்மா அழுவுது," என்றார் ஆவியார். "இன்னிக்கே என் மச்சான் பட்டறையில வந்த விலைக்குத் தள்ளிடு. இல்லேன்னா உன்னையும் கூட்டிட்டுப் போயிடும்."

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட டாக்சிக்காரர் பேனா தேடும்போது, டூட்டி முடிந்த கையோடு வந்து நின்றாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ஏங்க, இந்த அழுகை எப்போ ஆரம்பிச்சுது?"

"இவரோட மச்சான் பட்டறையில பைபாஸ் வால்வு மாத்தினப்புறம்."

அவள் வரிசையைப் பார்த்தாள். "உங்க வண்டிக்கெல்லாம்?"

"அங்கதாம்மா மாத்தினோம்!"

பதின்மூன்று பேய்களுக்கும் ஒரே ஆஸ்தான மெக்கானிக். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, பக்திதான் வந்தது.

"அந்த வால்வு என்ன செய்யும்?"

டாக்சிக்காரர் பானெட்டைத் திறந்து காட்டினார். "காலை எடுத்ததும் இஞ்சின் இந்தச் சின்னக் குழாய் வழியா உறிஞ்சும். வால்வு திறந்து, டர்போ தள்ளின காத்தைத் திருப்பி விட்டுடும். மேடு ஏறும்போது அதே குழாய்தான் வால்வை இறுக்கி மூடி வைக்கும்." வாய் சரியாகத்தான் சொன்னது, காதுதான் கேட்டுக்கொள்ளவில்லை.

"மூச்சு முட்டினா நாங்க முதல்ல குழாய் அடைச்சிருக்கான்னுதான் பாப்போம். ஆத்மாவையா விசாரிப்போம்?"

"பொம்பளை கை பட்டா ரத்தம் கக்கும்!" அலறினார் ஆவியார்.

"கக்கட்டும். துடைக்கிறதும் என் வேலைதான்."

இஞ்சினை நிறுத்தச் சொல்லி, குழாயைக் கழற்றி உறிஞ்சினாள். காற்று வரவில்லை. விரலால் பிதுக்கினாள். சைக்கிள் சக்கரத்தில் போடும் பால்ரஸ் குண்டு ஒன்று தரையில் "டிங்" என்று விழுந்தது.

குழாயை மாட்டி ஒரு சுற்று ஓட்டினார் டாக்சிக்காரர். விசும்பல் இல்லை, மேட்டில் வண்டி பறந்தது. குண்டை மறுபடி போட்டாள், பேய் அழுதது. எடுத்தாள்; பேய் போயிற்று. கூப்பிட்டால் வந்து, சொன்னால் போகும் இவ்வளவு அடக்கமான பேயை யாரும் கண்டதில்லை.

திரும்பிப் பார்த்தால், ஆவியார் இருந்த இடத்தில் அவர் செருப்பு மட்டும் இருந்தது.

மீதியில் பதினோரு பானெட்டுகள் திறந்தன. பதினோரு குண்டுகள் விழுந்தன. பதின்மூன்றாமவர் மட்டும் பானெட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். "என் வண்டியைத் தொடாதீங்க! மத்தவங்களுதுதான் குண்டு. எனக்குப் புடிச்சது அசல் பேய்!"

"சரிங்க அண்ணே," என்றாள் நர்ஸம்மா. "பானெட் மூடியே இருக்கட்டும். மண்டையையாவது ஒரு தடவை திறந்து பாருங்க."