தமிழ் கார்டும் என் கல்யாணப் பொருத்தமும்

கம்ப்யூட்டர் மேதை என்று ஊரில் பெயர் வாங்க கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த இன்னொருவன் அந்த ஊரில் இல்லாமல் இருந்தால் போதும். எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூரில் அந்தத் தகுதி எனக்குக் குறைவில்லாமல் இருந்தது. காஞ்சிபுரத்தில் சில மாதம் படித்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டேன்.

ஒரே குறை, ஜாதகம் இங்கிலீஷில் வந்தது. (சனி பகவான் இங்கிலீஷில் முறைத்தால் யாருக்குப் பயம் வரும்?) அதனால் மெட்ராஸிலிருந்து தமிழ் கார்டு வாங்கி வந்தேன். பெட்டிக்குள் சொருகினால் திரையில் தமிழ் எழுத்து வருமாம். சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, பயபக்தியோடு சொருகினேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் திருமுக்கூடலிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அத்தையும். பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று கிறங்கிப்போயிருந்தேன். அப்பாவுக்கோ நான் செய்வது ஒரு தொழில்தானா என்று சந்தேகம்.

"எங்க பொண்ணுக்கும் ஒனக்கும் இதுல பொருத்தம் போட்டுக் காட்டு தம்பி. மெஷினு வேல செய்றத கண்ணால பாத்துட்டு வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

போட்டேன். தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"கட்டம் கீது. கெரகம் எதையும் காணமே?"

"கொஞ்சம் சூடாவணும் மாமா." (அதற்குள் மாமா!)

மூடியைக் கழற்றினேன். கார்டைப் பிடுங்கி அடுத்த பள்ளத்தில் சொருகினேன். கட்டம். அதற்கும் அடுத்த பள்ளம். அங்கேயும் கட்டம். ஊதினேன், தட்டினேன், கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரிந்தவன் மாதிரி புரட்டினேன். கடைசியில், "லோ வோல்டேஜ் மாமா" என்றேன். தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அத்தை மூக்கை உறிஞ்சினார். "இன்னா தம்பி, மூடியத் தொறந்ததும் கோயிலாண்ட நிக்கிற மாதிரி சந்தன வாசன அடிக்குது?"

எனக்குப் பகீரென்றது. கார்டின் அடியில் தங்க நிறத்தில் ஒரு பல்வரிசை இருக்கும். பெட்டியோடு அது பேசுவதெல்லாம் அந்தப் பல் வழியாகத்தான். அழகாக இருக்கிறதே என்று சந்தனத்தை அங்கேதான் குழைத்துப் பூசியிருந்தேன். (அதைத் தொடாதே என்று வகுப்பில் சொன்னார்கள். பூசாதே என்று சொல்லவில்லையே!) போதாததற்கு, சொருகிய பள்ளத்துக்கெல்லாம் பிரசாதம் வேறு கொடுத்திருக்கிறேன்.

ரப்பரால் தேய்த்துத் துடைத்து, பிரசாதம் கிடைக்காத ஒரு பள்ளத்தில் சொருகினேன். வந்தது பாருங்கள் தமிழ், குண்டு குண்டாக: 'பத்துக்கு மூன்று பொருத்தம். திருமணம் உசிதமல்ல.'

பாவி, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. வேர்க்க விறுவிறுக்கப் போராடி, என் கல்யாணத்துக்கு நானே உலை வைத்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அட இன்னா தம்பி நீ! இம்மா நேரம் பேஜார் பண்ணிக்கினு கெடந்த மெஷினு, அது சொல்றத எவன் நம்புவான்? எங்க ஜோசியரு பேஷான பொருத்தம்னு சொல்லிட்டாரு. நீ பொழப்ப மட்டும் மாத்திக்க."

மாற்றிக்கொண்டேன். இன்றுவரை நெல் வியாபாரம்தான். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வாள்:

"அந்த மெஷினு ஒயுங்காத்தான் சொல்லிச்சு. எங்கப்பாதான் நம்பல."