ராயகிரி பம்புசெட்டில் மாப்பிள்ளை தேடியது

குற்றாலம்,
ஆனி 18.

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி இசக்கிராஜாவுக்கு, அத்தான் சங்கரநாராயணன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா வடிவம்மாளும் மகள் நிவேதாவும் சாரலில் நனைந்துகொண்டு சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் நனையாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் இந்தக் கடிதம். முந்தாநாள் நான் போட்ட கூச்சலை மறந்துவிடு. "தென்காசி மாப்பிள்ளை ஃபிராடுப் பயல், நிச்சயதார்த்தம் கிடையாது, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு" என்று கத்தியவன் நான்தான். இப்போது அதே வாயால், முதல் ரயிலைப் பிடித்து வா என்கிறேன். ஆடி பிறப்பதற்குள் நிச்சயத்தை முடித்தாக வேண்டும். தாய்மாமன் நீ வராமல் நிவேதாவுக்கு யார் மாலை போடுவது?

நடந்தது இதுதான். ஜோசியர் மூலமாகவே பேசி நாள் குறித்தோமே தவிர, இரண்டு வீட்டாரும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. நம் சங்கத்து வரன் பதிவு வெப்சைட்டில், ஒவ்வொரு ஜாதகத்துக்கும் அடியில் அதை எந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து பதிந்தார்கள் என்று புள்ளி வைத்த எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் ஊரைக் காட்ட இன்னொரு வெப்சைட் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக அடுத்தவன் வேலியை அளந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? மாப்பிள்ளை புவனேஷின் எண்ணைப் போட்டேன். வீடு தென்காசி என்று எழுதியிருந்த பையனை அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ராயகிரியில் காட்டியது. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் நாலு தசம ஸ்தானம் வரைக்கும். கீழே பொடி எழுத்தில் 'தோராயமான இடம்' என்று இருந்தது. நாலு தசமம் கொடுத்தபிறகு என்ன தோராயம், சும்மா தன்னடக்கம் என்று நினைத்து உனக்குப் போன் போட்டுக் கத்திவிட்டேன். உன் அக்காதான், "எதுக்கும் ஒருநட நேர்ல போயி விசாரிச்சிட்டு வாங்களேன்" என்றாள். பெண் கொடுக்கிற வீட்டை அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யாராவது விடுவார்களா? நேற்றுக் காலையில் பஸ் ஏறினேன்.

செல்போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தால், அது ஒரு வாழைத்தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. மிகச் சரியாக அந்த இடத்தில் ஒரு பம்புசெட். பக்கத்தில் வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் செல்போனை வானத்துக்குக் காட்டியபடி நின்றார். தோட்டக்காரர்போல என்று, "அண்ணாச்சி, இங்கன கம்ப்யூட்டர் வேலை பாக்குத பையன் வீடு எது?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது தெரியல. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு வீடு ஒண்ணு இங்கன இருக்காம்லா, ஆளுக எப்படி?" என்றார். பெயரை இருவருமே சொல்லவில்லை. விசாரிக்கப் போகிறவன் பெயரைச் சொல்வானா?

தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த நிஜத் தோட்டக்காரர் இசக்கிமணி, சோப்பு நுரையோடு எழுந்தார். "ஏன் ரெண்டு பேரும் எம் பம்புசெட்டுல வந்து சம்பந்தம் பேசுதிய? இங்கன மோட்டாரு ஒண்ணுதான் இருக்கு. அதுக்கும் வயசாயிட்டு!"

வெள்ளைவேட்டிக்காரர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். நானும் எடுத்தேன். இரண்டிலும் ஒரே எண்! என் சீட்டில் 'தென்காசி புவனேஷ்', அவர் சீட்டில் 'குற்றாலம் நிவேதா'. அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா சுடலைமுத்து. "நீங்க குத்தாலம்னு பொய் சொல்லிட்டியன்னு எங்க வீட்டுல நேத்து பூரா சண்டை அண்ணாச்சி!" என்று சொல்லிச் சிரித்தார் பார், நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அருவிக்கரையில் வீடு இருக்கிற நான், அவரோடு சேர்ந்து அந்தத் தொட்டியில் ஒரு குளி போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் இசக்கிராஜா.

ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார். உலகத்தில் இத்தனை கோடி எண்கள் இருக்க, முன்பின் அறியாத இரண்டு வீட்டுக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறதே, இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? காதல் கீதல் என்று எந்தக் கலப்படமும் இல்லாமல், பெரியவர்கள் நேரில் அலைந்து விசாரித்து முடித்த சம்பந்தம் என்று சொந்தபந்தம் எல்லோரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்.

உன் வீட்டாருக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். குற்றாலநாதர் உன் கோபத்தைத் தணித்து உன்னை ரயிலேற்றி விடட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சங்கரநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நிவேதா இதைப் படித்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று பதறிவிட்டேன். சிரிப்பு! அவளும் புவனேஷும் மூன்று வருஷப் பழக்கமாம். ஐந்தருவிப் பக்கம் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டே, அவள் செல்போனிலிருந்தே இரண்டு ஜாதகத்தையும் அடுத்தடுத்துப் பதிந்தார்களாம். பிறகு எண் ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? ராயகிரி என்று காட்டியது அந்தப் பொடி எழுத்துத் தோராயமாம். "நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்னுதாம்ப்பா" என்கிறாள். கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. சுடலைமுத்துவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தியவர், ஊருக்கு வந்திருந்த 'மாமா'வாம். அவளுக்கு எத்தனை மாமா இருக்கிறார்கள்? மரியாதையாக வந்து மாலையைப் போடு.