எல்லே கிண்ணத்தில் மகனின் பெயர்

உருத்திரபுரம்,
18.08.2024

ரொறொன்ரோவில் வசிக்கும் அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

அத்தான் அப்புத்துரை எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் உமது அக்கா கமலாசனியும் நானும் நடமாடித் திரிகிறோம். நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். சிறுபோக நெல் வெட்டியாயிற்று. ஆனால் இந்தக் கடிதம் நெல்லைப் பற்றியதல்ல, நீர் அனுப்பிய கிண்ணத்தைப் பற்றியது.

உங்கள் ஊர் பேஸ்போல் சாதனைகளை நீர் தொலைபேசியில் மணிக்கணக்காகச் சொல்வீர். எங்கள் எல்லேயும் ஏறக்குறைய அதுதான். தடியால் பந்தை அடித்துவிட்டு முனைகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். 2006இல் எங்கள் சிவகரன் ஒரே பருவத்தில் முப்பத்தொரு முழுச்சுற்று ஓடினான் அல்லவா, அதை இந்த வருடம் முல்லைத்தீவு அணியின் றிஃபாத் முப்பத்துமூன்றாக்கிவிட்டான். பெடியன் நல்ல பெடியன், அடியும் நல்ல அடி. ஆனாலும் அது சாதனையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. சிவகரன் ஓடிய காலத்தில் மைதானத்தில் முழங்காலளவு புல். இப்போது அங்கே பாய் விரித்துப் படுக்கலாம். இதை விளக்கி எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். செயலாளர் பதில் எழுதாமல் என்னைக் கௌரவ ஆலோசகர் ஆக்கிவிட்டார். உண்மையில் என் கவலை எண்ணிக்கை அல்ல. கடைசி யுத்தத்தில் பிள்ளை காணாமற்போய்ப் பதினைந்து வருடம். மீளக்குடியேறிய நாள்முதல் எவன் தடியைத் தூக்கினாலும் அறிவிப்பாளர் தங்கராசா, "சிவகரனின் சாதனை முறியுமா?" என்று கேட்பார். அவன் பெயரை ஊர் சத்தமாகச் சொன்ன இடம் அது ஒன்றுதான். இனி அதுவும் இல்லை.

நான் இப்படிப் புலம்பியதைக் கேட்டுத்தான் நீர் சிவகரன் பெயரில் சிறந்த ஆட்டக்காரனுக்கென்று கிண்ணம் அனுப்பினீர். பெரிய மனம். ஆனால் தம்பி, இந்தப் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெயரில் கிண்ணம் வந்தால் அது ஞாபகார்த்தக் கிண்ணம்தான். கழகத்தார் யாரையும் கேட்கவில்லை. வழமைப்படி 'அமரர் சிவகரன் ஞாபகார்த்தக் கிண்ணம்' என்று பொறித்துவிட்டார்கள். பதாகைக்கு மறைவுத் திகதி தேவைப்பட்டது. அது யாரிடம் இருக்கிறது? இடத்தை வெறுமையாக விட மனமில்லாத அச்சகக்காரர் இறுதியாட்டத்தின் திகதியையே போட்டுவிட்டார். பதாகையின் படம் முகநூலில் ஏறியது. போன ஞாயிறு காலை நான் மைதானத்துக்குப் போகச் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறேன், பளையிலிருந்து உமது பெரியப்பாவின் மகன் முத்துலிங்கம் ஒன்பது பேருடன் வான் வண்டியில் வந்திறங்கி என் கையைப் பிடித்தார்.

"அத்தான், எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"ஆரை?"

"சிவகரனைத்தான். இண்டைக்கெண்டு போட்டிருக்கு."

எடுப்பதற்கு ஆள் இருந்தால் நான் ஏன் இத்தனை வருடம் படத்தை வைத்துக்கொண்டு அலைகிறேன்? விளங்கப்படுத்தினேன். வந்த பெண்களுக்கு அழுவதா விடுவதா என்று தெரியவில்லை. கமலாசனி குசினிக்குள் போய்ப் பத்துப் பேருக்கும் தேநீர் ஊற்றினாள். குடித்துவிட்டு, வான் பிடித்து வந்தது வீணாகக் கூடாதென்று எல்லோரும் ஆட்டம் பார்க்க வந்துவிட்டார்கள்.

தங்கராசாவின் வர்ணனை பற்றி என் கருத்து உமக்குத் தெரியும். கிழமையில் ஐந்து நாள் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்கிற மனிதர். ஆட்டத்தை விறுவிறுப்பாகத்தான் தொடங்குவார், பாதியில் குரல் தானாகச் சுடலைப் பக்கம் திரும்பிவிடும். பரிசளிப்பில் கிண்ணத்தின் பெயரை வாசித்தவர் அதோடு நிற்கவில்லை. "அன்னார் அப்புத்துரை கமலாசனி தம்பதிகளின் அன்பு மகனாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்" என்று பழக்கதோஷத்தில் முழுவதும் சொல்லி முடித்தார். மைதானமே எழுந்து நின்றது. கமலாசனி மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "என்ர பிள்ளையை அமரர் எண்டு ஆர் சொன்னது? கண்டவை ஆர்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். நான் ஓய்வுபெற்ற தபாலதிபர், உலகம் தெரிந்தவன், எனக்கு விளங்குகிறது. பெற்ற வயிற்றுக்கு விளங்குமா? ஆகையால் அவளுக்காகவே கேட்கிறேன். கிண்ணம் தந்தவர் நீர் என்பதால் நீர் எழுதினால்தான் கழகம் கேட்கும். 'அமரர்' என்பதையும் 'ஞாபகார்த்தம்' என்பதையும் எடுத்துவிட்டு, 'சிவகரன் கிண்ணம்' என்று மட்டும் பொறிக்கச் சொல்லும்.

உமது வீட்டில் ஒருவருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். உமது பேஸ்போல் அணியையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
அன்புள்ள அத்தான்,
சி. அப்புத்துரை

பி.கு.: தம்பி, மேலே கமலாசனி எழும்பவில்லை, சாப்பிடுவதில்லை என்று எழுதிய இடமெல்லாம் என் பெயரைப் போட்டு வாசியும். உமது அக்கா அன்று எல்லோரோடும் எழுந்துதான் நின்றாள். மறுநாள் காலையில் பிள்ளையின் படத்துக்கு முதல்முறையாக விளக்கு வைத்தாள். "இஞ்சாருங்கோ, பதினைஞ்சு வருசம் காத்திருந்தது காணும்" என்றாள். நான் அந்த விளக்கை ஊதி அணைத்துவிட்டேன். அவள் என்னை ஏசவில்லை. நான் வயலுக்குப் போகும்வரை காத்திருந்து, மறுபடி ஏற்றுகிறாள்.